சேலத்து வெக்கை, ஏற்காட்டு ஓதம்: காற்றின் ஈரத்தை அளப்பதும் அதற்கேற்ப நடப்பதும்

சித்திரை மாதத்துப் பிற்பகல். சேலம் அஸ்தம்பட்டியில் 38 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 31 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அன்று விடியற்காலை ஏற்காட்டில் 18 டிகிரி, ஈரப்பதம் 91 சதவீதம். எந்தக் காற்றில் தண்ணீர் அதிகம் என்று கேட்டால் ஏற்காடு என்றுதான் எவரும் சொல்வார்கள். கணக்குப் போட்டால் இரண்டு இடத்திலும் ஒரு கன மீட்டர் காற்றில் ஏறக்குறைய 14 கிராம் நீராவிதான் இருக்கிறது. சதவீதம் மூன்று மடங்கு வேறு, தண்ணீர் ஒன்றே.

நாம் வழக்கமாகச் சொல்லும் ஈரப்பதம், ஒப்பு ஈரப்பதம். இப்போதுள்ள வெப்பநிலையில் ஒரு கன மீட்டர் இடத்தில் அதிகபட்சம் எவ்வளவு நீராவி இருக்க முடியுமோ அதில் எத்தனை பங்கு இருக்கிறது என்பதே அது. அந்த அதிகபட்ச அளவு வெப்பத்தோடு வேகமாக ஏறும்: 20 டிகிரியில் 17 கிராம், 30 டிகிரியில் 30 கிராம், 40 டிகிரியில் 51 கிராம். ஆகவே காற்றில் ஒரு சொட்டுத் தண்ணீர் கூடாமலேயே, வெயில் ஏற ஏறச் சதவீதம் இறங்கும். இரவு குளிரக் குளிர ஏறும். வானிலைத் துறை காலை 8.30 மணிக்கும் மாலை 5.30 மணிக்கும் எடுக்கும் அளவுகளில் காலைச் சதவீதம் பெரிதாக இருப்பது இதனால்தான். காலையில் 80 என்று பார்த்துவிட்டு மதியமும் அப்படித்தான் இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

இந்தக் கட்டுரை முழுவதற்கும் ஒரு விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பொருள்களுக்குச் சதவீதம் முக்கியம். உடம்புக்குப் பனிநிலையும் (காற்று எந்த அளவுக்குக் குளிர்ந்தால் நீர் படியத் தொடங்குமோ அந்த வெப்பநிலை) ஈரக்குமிழ் வெப்பநிலையும் (ஈரத் துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவு) முக்கியம். அப்பளம் நமுப்பது, நூல் அறுவது, சுவரில் பூஞ்சணம் பூப்பது, காபிக்கொட்டை காய்வது எல்லாம் சதவீதத்தின் வேலை. வியர்வை காயுமா, புழுங்குமா என்பதைச் சதவீதம் மட்டும் சொல்லாது.

ஈரமானியை முதலில் சோதியுங்கள்

கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் ஈரமானிகள் வாங்கிய அன்றே ஐந்து சதவீதம் வரை பிசகிக் காட்டலாம். சோதிக்க ஒரு தேக்கரண்டி சமையல் உப்பு போதும். நிறைவுற்ற உப்புக் கரைசலுக்கு மேலே மூடிய இடத்திலுள்ள காற்று, 20 முதல் 30 டிகிரி வரை, எப்போதும் 75 சதவீதத்தில் நிற்கும். இது உப்பின் இயல்பு, மாறாது.

ஒரு பாட்டில் மூடியில் உப்பை நிரப்பி, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, ஈர மணல் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். உப்பு முழுவதும் கரைந்துவிடக் கூடாது. கரைந்தால் 75-க்கு மேல் காட்டும். மூடியையும் ஈரமானியையும் ஒன்றையொன்று தொடாமல் ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையிலோ காற்றுப் புகாத டப்பாவிலோ வைத்து மூடுங்கள். வெயில் படாத, சூடு ஏறி இறங்காத இடத்தில் 10 முதல் 12 மணி நேரம் விடுங்கள். திறக்காமலே படியுங்கள். 71 காட்டினால் உங்கள் கருவி நான்கு குறைத்துச் சொல்கிறது. இனி எப்போது படித்தாலும் நான்கைக் கூட்டிக்கொள்ளுங்கள். வருடத்துக்கு ஒருமுறை இதைச் செய்தால் போதும்.

இதே காரணத்தால் அடுப்படி உப்பு ஜாடியும் ஒரு கருவிதான். உப்பு நீர்விடத் தொடங்கினால் அந்த அறையின் ஈரப்பதம் 75-ஐத் தாண்டிவிட்டது என்று பொருள். கல் உப்பில் மக்னீசியம் உப்புகளும் கலந்திருப்பதால் அது கொஞ்சம் முன்னதாகவே கசியும்.

கருவியை வைக்கும் இடம்: தரையிலிருந்து ஒன்றேகால் முதல் ஒன்றரை மீட்டர் உயரம், உட்சுவர், அடுப்பும் குளியலறையும் அருகில் இல்லாத இடம். வெயில் படும் வெளிச்சுவரில் மாட்டினால் கருவி சுவரின் சூட்டைத்தான் அளக்கும்.

இரண்டு வெப்பமானி முறை

இது பழைய முறை, இன்றும் நம்பகமானது. பரிசோதனைக்கூடத்தில் பயன்படும் 0 முதல் 50 அல்லது 100 டிகிரி வரையுள்ள சிவப்புத் திரவ வெப்பமானி இரண்டு வேண்டும். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி உதவாது. அது 35 டிகிரிக்குக் கீழே காட்டாது, ஏறிய அளவிலேயே நின்றுவிடும். வாங்கியதும் இரண்டையும் ஒரே சொம்புத் தண்ணீரில் ஐந்து நிமிடம் வைத்து ஒப்பிடுங்கள். வித்தியாசம் அரை டிகிரிக்கு மேல் இருந்தால் கடையிலேயே மாற்றிக்கொள்ளுங்கள், அல்லது வித்தியாசத்தைக் குறித்து வைத்துக் கழியுங்கள்.

ஒன்றின் குமிழில் மெல்லிய பருத்தித் துணியை ஒற்றைச் சுற்றாகச் சுற்றி நூலால் கட்டி, மிச்சத்தைத் திரியாகத் தொங்கவிட்டு ஒரு சின்னக் குப்பித் தண்ணீரில் விடுங்கள். புதுத் துணியில் கஞ்சி இருக்கும். சோப்பு போட்டு அலசிக் கஞ்சி போன பிறகே பயன்படுத்துங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் ஏறாது. சேலத்துப் போர்த் தண்ணீர் பெரும்பாலும் கடினநீர். ஒரு வாரத்தில் துணியில் வெள்ளையாகப் படிந்துவிடும், ஈரக்குமிழ் உண்மைக்கு மேலே காட்டத் தொடங்கும். ஆர்.ஓ. தண்ணீர் அல்லது பிடித்துவைத்த மழைநீர் ஊற்றுங்கள். குப்பி குமிழுக்கு மிக அருகில் இருந்தால் அதிலிருந்து எழும் ஈரமே அளவைக் கெடுக்கும். ஐந்து சென்டிமீட்டர் தள்ளி இருக்கட்டும்.

இரண்டையும் அருகருகே தொங்கவிட்டு மேசை விசிறியை நேராக ஓடவிடுங்கள். காற்று இல்லாமல் படிப்பதுதான் இந்த முறையில் அதிகம் நடக்கும் தவறு. அசையாத காற்றில் ஈரக்குமிழ் முழுமையாகக் குளிராது, ஈரப்பதம் கூடுதலாகக் காட்டும். ஐந்து முதல் பத்து நிமிடத்தில் ஈரக்குமிழ் இறங்கி ஓர் இடத்தில் நிற்கும். அந்த எண்ணை முதலில் படியுங்கள், பிறகு உலர்குமிழை, அதாவது துணி சுற்றாத வெப்பமானியை. முகத்தை அருகில் கொண்டுபோனால் மூச்சுக்காற்றே அரை டிகிரியை மாற்றும்.

இனி கணக்கு. ஒவ்வொரு வெப்பநிலையிலும் நீராவியின் உச்ச அழுத்தம் மில்லிபாரில்:

10 டிகிரி: 12.3
12: 14.0
14: 16.0
16: 18.2
18: 20.6
20: 23.4
22: 26.4
24: 29.8
26: 33.6
28: 37.8
30: 42.4
32: 47.5
34: 53.2
36: 59.4
38: 66.2
40: 73.8

ஈரக்குமிழ் அளவுக்கு நேரான எண்ணை எடுங்கள். இரண்டு வெப்பமானிகளின் வித்தியாசத்தைச் சேலத்தில் 0.65-ஆலும், ஏற்காட்டில் 0.56-ஆலும் பெருக்கி அதிலிருந்து கழியுங்கள். மலை மேலே காற்றழுத்தம் குறைவு என்பதால்தான் பெருக்கும் எண் மாறுகிறது. வருவது காற்றிலுள்ள நீராவியின் உண்மை அழுத்தம். அதை உலர்குமிழுக்கு நேரான எண்ணால் வகுத்தால் சதவீதம் கிடைக்கும். அதே அழுத்தம் அட்டவணையில் எந்த டிகிரிக்கு நேராக இருக்கிறதோ அதுதான் பனிநிலை. அந்த அளவுக்குக் குளிர்ந்தால் காற்றிலிருந்து நீர் பனித்துளியாகப் படியத் தொடங்கும்.

முதலில் சொன்ன சேலத்துப் பிற்பகலைப் பாருங்கள்: உலர் 38, ஈரம் 24, வித்தியாசம் 14. 29.8-லிருந்து 9.1 போனால் 20.7. இதை 66.2-ஆல் வகுத்தால் 31 சதவீதம். பனிநிலை 18 டிகிரி. ஏற்காட்டு விடியலில் உலர் 18, ஈரம் 17. 17-க்கு அட்டவணையில் இடைப்பட்ட எண் 19.4, அதிலிருந்து 0.56 போனால் 18.8, 91 சதவீதம், பனிநிலை பதினாறரை. பனிநிலை இரண்டும் இவ்வளவு நெருக்கமாக இருப்பதால்தான், அந்த நாள் ஏற்காட்டிலும் பிசுபிசுப்பு இல்லை, சேலத்திலும் பிசுபிசுப்பு இல்லை. ஓரிடத்தில் குளிர், ஓரிடத்தில் வெக்கை, அவ்வளவே.

உடம்பு எதை உணர்கிறது

உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு சுமார் 100 வாட் வெப்பத்தை வெளியே தள்ளியாக வேண்டும்; வேலை செய்தால் பல மடங்கு. காற்று 35 டிகிரியைத் தாண்டிவிட்டால் தோலைவிடக் காற்று சூடாகிவிடுகிறது. அப்புறம் வெப்பம் வெளியேற இருக்கும் ஒரே வழி வியர்வை ஆவியாவதுதான். ஒரு லிட்டர் வியர்வை முழுதும் ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். சொட்டிக் கீழே விழும் வியர்வை எதையும் குளிர்விப்பதில்லை. உடம்பிலுள்ள தண்ணீரும் உப்பும்தான் வீண்.

35 டிகிரித் தோலில் நீராவியின் அழுத்தம் 56 மில்லிபார். சேலத்துச் சித்திரைக் காற்றில் 20.7. வித்தியாசம் 35, வியர்வை சட்டென்று காயும். சென்னைக் கடலோரத்தில் 32 டிகிரி, 70 சதவீதம் என்றால் காற்றில் 33 மில்லிபார், வித்தியாசம் 23-தான். வியர்வையை இழுக்கும் விசையில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. 1979-இல் ஸ்டெட்மன் என்ற ஆய்வாளர் வகுத்த கணக்கிலிருந்து வந்த வெப்பக் குறியீட்டில் சென்னையின் அந்த 32 டிகிரி ஏறக்குறைய 41 போலத் தோன்றும். சேலத்தின் 38, 31 சதவீதத்தில், ஏறக்குறைய 40 போல. ஆறு டிகிரி குறைவான ஊர் அதிகம் வாட்டுகிறது. இந்தக் குறியீடு நிழலுக்கும் மெல்லிய காற்றுக்கும் போட்டது. நேர் வெயிலில் நின்றால் 8 டிகிரி வரை கூடும்.

சேலம் கடற்கரையிலிருந்து 150 கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருக்கிறது, சுற்றிலும் மலை. அதனால் கோடையில் உலர்ந்த வெக்கையே அதிகம். இந்த வெக்கைக்கு ஒரு தனி ஆபத்து உண்டு. வியர்வை வந்ததும் காய்ந்துவிடுவதால் எவ்வளவு தண்ணீர் இழந்தோம் என்பது தெரியாது. சட்டையில் வெள்ளைக் கோடாக உப்பு படிந்திருப்பதும், சிறுநீர் அடர் மஞ்சளாக இறங்குவதும்தான் அடையாளம். தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் குடிக்க வேண்டும். வெயிலில் மணிக்கணக்கில் உழைப்பவருக்கு வெறும் தண்ணீர் போதாது. உப்புப் போட்ட நீர்மோர் நல்லது. ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கலந்தால் வீட்டிலேயே உப்புச் சர்க்கரைக் கரைசல் ஆயிற்று.

பனிநிலையை வைத்து நம் ஊர்க்காரர் உடம்புக்கு ஏறக்குறைய இப்படிச் சொல்லலாம். 16-க்குக் கீழே என்றால் காற்று லேசாக இருக்கும், உதடு வெடிக்கலாம். 16 முதல் 20 வரை பெரும்பாலோருக்குச் சுகம். 22-ஐத் தாண்டினால் பிசுபிசுப்பு, குழந்தைகளுக்கு வேர்க்குரு. 24-க்கு மேல் விசிறிக்கு அடியிலும் புழுக்கம் தீராது.

கோடை மழை பெய்தும் ஏன் உப்புசம் போகவில்லை என்பதற்கும் விடை இதில் இருக்கிறது. மழைக்கு முன் 37 டிகிரி, 33 சதவீதம், பனிநிலை 18. இடிமழை அரை மணி நேரம் கொட்டி ஓய்ந்ததும் 27 டிகிரி, 85 சதவீதம், பனிநிலை 24. வெப்பம் பத்து டிகிரி இறங்கியது உண்மை. ஆனால் சூடான தரையும் கூரையும் மழைநீரை ஆவியாக்கிவிட்டன, காற்றும் நின்றுபோனது.

உழைப்பவர்களுக்கும் வயதானவர்களுக்கும் ஈரக்குமிழ் வெப்பநிலையே சரியான அளவுகோல். ஏனென்றால் வியர்வையில் நனைந்த தோல் எவ்வளவு தூரம் குளிர முடியும் என்பதன் கடைசி எல்லை அது. 35 டிகிரி ஈரக்குமிழில் நிழலில் உட்கார்ந்திருக்கும் ஆரோக்கியமானவரும் தாங்க முடியாது என்பது கோட்பாட்டுக் கணக்கு. 2022-இல் அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தார் இளம் வயதினரைக் கொண்டு சோதித்தபோது, ஈரமான சூழலில் எல்லை 31 டிகிரிக்கு அருகிலேயே வந்துவிட்டது. நம் தொழிற்சாலை மாதிரி விதிகளும் வேலைக்கூடத்தில் ஈரக்குமிழ் 30-ஐத் தாண்டக் கூடாது என்கின்றன. 28-ஐத் தொட்டாலே கனமான வேலையை நிறுத்தி நிறுத்திச் செய்வதுதான் சரி. ஒருவர் உளறினாலோ, நடை தள்ளாடினாலோ, உடம்பு கொதித்தாலோ அது வெப்பத் தாக்கம். நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள். மயங்கியவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

விசிறி, ஏர் கூலர், ஏசி

விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை, வியர்வையைக் காயவைக்கிறது. அறை 40 டிகிரியைத் தாண்டிவிட்டால் விசிறி சூட்டை உடம்பில் கொண்டுவந்து கொட்டுகிறது. உலகச் சுகாதார நிறுவனமும் அதற்குமேல் வேண்டாம் என்கிறது. அப்போது ஈரத் துணியால் கை கால் கழுத்தைத் துடைத்துவிட்டு விசிறிக்கு முன் உட்காருவது பலன் தரும், குறிப்பாக வியர்வை குறைவாக வரும் முதியவர்களுக்கு.

ஏர் கூலர் சேலத்துக்கென்றே செய்ததுபோன்ற சாதனம், ஆனால் எல்லா மாதத்துக்கும் அல்ல. உலர்குமிழுக்கும் ஈரக்குமிழுக்கும் உள்ள வித்தியாசத்தில் முக்கால் பங்கை நல்ல கூலர் இறக்கும். 38-க்கு 24 என்றால் வித்தியாசம் 14. காற்று சுமார் பத்தரை டிகிரி குளிர்ந்து 27 அல்லது 28-ஆக வரும். ஐப்பசி மழைக்காலத்தில் 28 டிகிரி, 80 சதவீதம் என்றால் ஈரக்குமிழ் 25. கூலர் இரண்டு டிகிரி இறக்குவதற்குள் அறை 94 சதவீத ஈரத்தில் ஊறிவிடும். ஈரமானி வெளியே 60-க்கு மேல் காட்டினால் கூலரின் பம்பை நிறுத்திவிட்டு வெறும் விசிறியாக ஓட்டுங்கள்.

கூலர் வைத்தும் புழுங்குகிறது என்று சொல்பவர்கள் வீட்டில் பெரும்பாலும் ஜன்னல் மூடியிருக்கும். கூலரின் முதுகு வெளிக்காற்றை இழுக்கும்படி ஜன்னலில் இருக்க வேண்டும். எதிர்ப்பக்கம் ஒரு ஜன்னலாவது கதவாவது திறந்திருக்க வேண்டும். உள்ளே வந்த ஈரக்காற்று வெளியேறாவிட்டால் அதே காற்று திரும்பத் திரும்ப நனைந்து அரை மணியில் கூலர் குளிர்விப்பதை நிறுத்திவிடும். கடினநீர் படிந்து தேன்கூட்டு அட்டை கல்லாகிவிட்டால் தண்ணீர் பரவாது. தொட்டியை வாரம் ஒருமுறை முழுதும் இறக்கித் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு கொசு முட்டையிடுவதும் இந்தத் தொட்டியில்தான் என்பதால் இந்த ஒரு வேலையைத் தள்ளிப்போட வேண்டாம்.

ஏசி காற்றைக் குளிர்விப்பதோடு, குளிர்ந்த சுருளில் நீரைப் படியவைத்து வெளியே சொட்டவும் விடுகிறது. மழைக்கால இரவில் நமக்குத் தேவை அந்த இரண்டாவது வேலை. ட்ரை மோடில் போட்டு விசிறியையும் மெதுவாக ஓடவிட்டால் 27 டிகிரியே போதும். சின்ன அறைக்குப் பெரிய ஏசி வாங்கினால் சட்டென்று குளிர்ந்து கம்ப்ரசர் நின்றுவிடும், ஈரம் அப்படியே தங்கும், அறை சில்லென்றும் சொதசொதவென்றும் இருக்கும். ஏசியும் கூலரும் ஒரே அறையில் ஒன்றாக ஓட வேண்டாம். ஒன்று பிழிவதை மற்றது ஊற்றும்.

மலைமேல் ஓதம்

ஏற்காட்டில் குளிர் எலும்பில் இறங்குகிறது என்பார்கள். ஈரக்காற்று என்பதாலேயே வெப்பத்தை அதிகம் கடத்திவிடுவதில்லை. துணியும் போர்வையும் மெத்தையும் நாள்கணக்கில் ஈரத்தை உறிஞ்சி வைத்திருப்பதும், மூடுபனித் துளிகள் உடையில் படிவதும், வெயில் வராததும், காற்று வீசுவதும் சேர்ந்து செய்யும் வேலை அது. ஆகவே மருந்து ஸ்வெட்டரைக் கூட்டுவதைவிடப் படுக்கையை உலர வைப்பதுதான். வெயில் கண்ட நாளில் மெத்தையும் கம்பளியும் மூன்று மணி நேரம் வெளியே கிடக்கட்டும். மாலை நான்கு மணிக்குள் உள்ளே எடுத்துவிடுங்கள்.

ஜன்னலை எப்போது திறப்பது என்பதற்கு மேலே சொன்ன அட்டவணையே வழி காட்டும். உள்ளே 19 டிகிரி, 70 சதவீதம் என்றால் நீராவி 15.4 மில்லிபார். வெளியே மூடுபனி, 16 டிகிரி, 100 சதவீதம் என்றால் 18.2. திறந்தால் ஈரம் உள்ளே வரும். நண்பகலில் வெயிலடித்து 22 டிகிரி, 50 சதவீதம் ஆனால் 13.2. எல்லா ஜன்னலையும் திறக்க வேண்டிய நேரம் அது. காலையில் எழுந்ததும் காற்றோட்டத்துக்காகத் திறக்கும் சமவெளிப் பழக்கம் மலையில் பல நாள் எதிர்விளைவையே தரும்.

பூஞ்சணத்துக்கு அறையின் சராசரி முக்கியமில்லை, சுவரின் தோல் முக்கியம். மேலே சொன்ன 19 டிகிரி அறையில் வடக்குச் சுவர் 15 டிகிரியில் இருந்தால், அதை ஒட்டிய காற்றில் ஈரப்பதம் 90 சதவீதம். 80-ஐத் தாண்டிச் சில நாள் நீடித்தாலே பூஞ்சணம் பூக்கும். பீரோவையும் கட்டிலையும் வெளிச்சுவரிலிருந்து ஒரு கையளவு தள்ளிப் போடுங்கள். சுவரோடு ஒட்டிய பீரோவின் முதுகில்தான் முதலில் பூக்கும். சுவரில் படிந்ததை உலர்ந்த துணியால் தட்டாதீர்கள், விதைத்துகள் வீடெல்லாம் பறக்கும். மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். பெயின்ட் அடித்து மறைத்தால் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. மழைநீர் ஓட்டையிலோ அடித்தளத்திலோ இருந்து ஏறுகிற ஓதம் என்றால் அதை அடைக்காமல் வேறு எது செய்தும் பயனில்லை.

வீட்டுக்குள் துணி காயப்போடுவதைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இயந்திரத்தில் பிழிந்த நான்கு கிலோ துணியில் சுமார் இரண்டு லிட்டர் தண்ணீர் மிச்சம் இருக்கும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையின் 30 கன மீட்டர் காற்று, 18 டிகிரியில், முழுதும் நிறைந்தாலே அரை லிட்டருக்கும் குறைவாகத்தான் தாங்கும். மீதி எங்கே போகும்? சுவருக்கும் மெத்தைக்கும்தான். வேறு இடமே இல்லையென்றால் ஒரே அறையில் போட்டு, உள்கதவைச் சாத்தி, அந்த அறையின் வெளிஜன்னலைத் திறந்து, விசிறியை ஓடவிடுங்கள்.

கேமரா லென்ஸ், பட்டுப்புடவை, சான்றிதழ்கள் ஆகியவற்றுக்குக் காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும். உள்ளே சின்ன ஈரமானி ஒன்று போட்டு 45 முதல் 55-க்குள் வைத்திருங்கள். ஜெல் ஈரம் குடித்து நிறம் மாறியதும் 120 டிகிரி அவனில் இரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி உழைக்கும்.

தறிக்கூடமும் காபிக் களமும்

பருத்தி நூல் ஈரத்தில் வலுக்கூடும். கோடையில் காற்று 35 சதவீதத்துக்கு இறங்கும்போது கஞ்சி போட்ட பாவு (தறியில் நீளவாட்டில் ஓடும் நூல்) விறைத்து நொறுங்கி, அறுந்து அறுந்து போகும். தறிக்கூடத்தில் 75 முதல் 80 சதவீதம் வேண்டும் என்பது இதனால்தான். அம்மாபேட்டைப் பக்கத்துக் குழித்தறிகளில் மண்குழியின் ஈரமே பாவைக் காத்தது. விசைத்தறிக்கூடத்தில் தரையில் தண்ணீர் தெளிப்பதாலும் தெளிப்பான் வைப்பதாலும் நூல் பிழைக்கும், நெய்பவர் உடம்புதான் வாடும். 34 டிகிரியில் 78 சதவீதம் வைத்தால் ஈரக்குமிழ் 30-ஐத் தாண்டிவிடுகிறது. ஈரத்தைக் கூட்டுமுன் கூடத்தைக் குளிர்விக்க வேண்டும்: கூரைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு, கூரைமேல் ஓலை, வெக்கையை மேலே இழுத்து வெளியேற்றும் விசிறி. இரண்டு வெப்பமானியையும் தறிக்கு அருகில் மாட்டி, மதியம் இரண்டு மணிக்குப் பார்த்து எழுதி வையுங்கள்.

காபியில் இது தலைகீழ். மார்கழி, தை மாதங்களில் ஏற்காட்டுக் களத்தில் கழுவிய கொட்டையை 10 அல்லது 11 சதவீத ஈரத்துக்குக் கொண்டுவர வேண்டும். நான்கைந்து சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பி மணிக்கு ஒருமுறை கிளறுங்கள். வெயில் இறங்கிச் சதவீதம் ஏறத் தொடங்கியதும், பனி விழும் முன்பே, குவித்து மூடுங்கள். காலையில் களத்தின் தரை காய்ந்த பிறகே திறங்கள். காய்ந்த கொட்டை 80 சதவீதக் காற்றில் கிடந்தால் திரும்பவும் ஈரம் குடித்து வெளுத்துவிடும். கிடங்கில் 65-க்குக் கீழே இருக்கும்படி பாருங்கள். மூட்டையைத் தரையில் போடாமல் கட்டைமேல் அடுக்கி, சுவரிலிருந்து இரண்டடி தள்ளி வையுங்கள்.

மலையேறும் முன் ஒரு கணக்கு

மேலெழும் காற்று குளிரும்போது எந்த உயரத்தில் மேகமாகும் என்பதைப் பகலில் சேலத்திலிருந்தே மதிப்பிடலாம். வெப்பநிலையிலிருந்து பனிநிலையைக் கழித்து 125-ஆல் பெருக்குங்கள். தரையிலிருந்து மேக அடி அத்தனை மீட்டர். சேலத்தின் உயரம் 280 மீட்டரைக் கூட்டுங்கள். ஏற்காடு ஊர் ஏறக்குறைய 1500 மீட்டர், சேர்வராயன் கோயில் 1600-க்குச் சற்று மேலே.

காலை பதினோரு மணிக்கு உலர் 30, ஈரம் 23 என்றால் பனிநிலை 20, வித்தியாசம் பத்து, 1250-உடன் 280 சேர்த்தால் 1530 மீட்டர். ஏற்காட்டு ஊர் மேகத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும், சேர்வராயன் உள்ளே மூழ்கியிருக்கும். ஐப்பசியில் உலர் 28, ஈரம் 24 என்றால் பனிநிலை இருபத்திரண்டரை. மேக அடி 970 மீட்டருக்கு அருகில். கொண்டை ஊசி வளைவுகளின் மேல்பாதியே மூட்டத்தில் இருக்கும். காற்று தரையிலிருந்து கிளர்ந்து மேலேறும் பகல் நேரத்துக்குத்தான் இந்தக் கணக்கு பொருந்தும். இரவிலும், நாள் முழுக்க மப்பு போட்டிருக்கும் அடைமழைக் காலத்திலும் இதை நம்ப வேண்டாம்.

மூட்டத்துக்குள் போகும்போது காரின் கண்ணாடி மங்கினால் முதலில் விரலால் உட்பக்கம் தொட்டுப் பாருங்கள். விரல்தடம் தெளிந்தால் ஈரம் உள்ளே இருக்கிறது: ஏசியைப் போட்டு, சூட்டுக் குமிழைத் திருப்பி, உள்காற்றுச் சுழற்சியை நிறுத்தி வெளிக்காற்றை எடுத்து, கண்ணாடிமேல் அடிக்கவிடுங்கள். ஏசி ஈரத்தைப் பிழியும், சூடு கண்ணாடியைப் பனிநிலைக்கு மேலே தூக்கும். ஐந்து பேர் மூச்சுவிடும் காரில் உள்சுழற்சியை விட்டுவைத்தால் எத்தனை முறை துடைத்தாலும் மங்கும். விரல்தடம் தெளியாவிட்டால் ஈரம் வெளிப்பக்கம்: வைப்பரை ஓட்டி, ஏசிக் காற்றைக் கண்ணாடியிலிருந்து திருப்பிவிடுங்கள். மாலையில் ஏற்காட்டிலிருந்து குளிர்ந்த கண்ணாடியோடு இறங்கி, மழை பெய்து ஓய்ந்த அடிவாரத்துக் காற்றுக்குள் நுழையும்போது மங்குவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான். அதற்குக் கடைசி நான்கைந்து வளைவுகளிலேயே ஏசியை அணைத்து ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிட்டால், கீழே வருவதற்குள் கண்ணாடி வெதுவெதுப்பாகிவிடும்.